‘தரவு போதுமா?’ வினாக்களும் ஒரு தவறான குறுக்குவழியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழில் வாரந்தோறும் வெளிவரும் போட்டித் தேர்வுப் பகுதியை நான் விடாமல் படித்து வருகிறேன். அரசு உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தோர் ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற பின், கும்பகோணம் அருகே எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில், வங்கித் தேர்வுக்கும் குடிமைப் பணித் தேர்வுக்கும் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரங்களில் கணக்குச் சொல்லித் தருகிறேன். அவர்களில் பலர் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட இயலாதவர்கள் என்பதால், தங்கள் பகுதியை வெட்டி நோட்டில் ஒட்டிவைத்துப் படிக்கிறார்கள். அப்படி ஒட்டிவைத்ததைத்தான் சென்ற வாரம் ஒரு மாணவி என்னிடம் கொண்டுவந்து காட்டினாள்.

விகிதம், சதவீதம் ஆகியவற்றை ஒட்டிய ‘தரவு போதுமா’ வினாக்கள் (பிள்ளைகள் டேட்டா சஃபிஷியன்சி என்பார்கள்) பத்து அதில் வெளியாகியிருந்தன. இவ்வகையில் ஒரு கேள்வியும் இரண்டு கூற்றுகளும் வரும்; விடை காண எந்தக் கூற்று போதும் என்பதை மட்டும் சொல்ல வேண்டும். அவற்றுள் ஏழாவது வினாவுக்குத் தந்திருந்த விடை தவறு. அது வெறும் அச்சுப் பிழை என்றால் ஓர் அஞ்சலட்டையோடு முடித்திருப்பேன். வினாக்களுக்கு மேலே கட்டம் கட்டி அச்சிட்டிருந்த குறுக்குவழியிலிருந்தே அந்தத் தவறு பிறந்திருப்பதால், சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. “விகிதமோ சதவீதமோ மட்டும் இருந்தால் தரவு போதாது, கூடவே ஓர் எண்ணிக்கை இருந்தால் போதும்” என்பதே அந்தக் குறுக்குவழி. இதே வாசகத்தைப் பயிற்சி மையக் குறிப்பேடுகளிலும் நான் பார்த்திருக்கிறேன் என்பதால், தங்கள் பகுதியைத் தயாரிப்பவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

ஏழாவது வினா இதுதான். ஒரு பள்ளியில் தேர்வு எழுதியவர்களில் 80 சதவீதமும் மற்றொரு பள்ளியில் தேர்வு எழுதியவர்களில் 90 சதவீதமும் தேர்ச்சி பெற்றனர். இரு பள்ளிகளையும் சேர்த்துப் பார்த்தால் தேர்ச்சி எத்தனை சதவீதம்? கூற்று 1: தேர்வு எழுதியவர்களின் எண்ணிக்கை முறையே 2:3 என்ற விகிதத்தில் உள்ளது. கூற்று 2: இரு பள்ளிகளிலும் சேர்த்து 500 பேர் தேர்வு எழுதினர். இரண்டு கூற்றுகளும் சேர்ந்தால்தான் விடை காண முடியும் என்பது தாங்கள் வெளியிட்ட விடை. உண்மையில் முதல் கூற்று மட்டுமே போதும். முதல் பள்ளியில் இரு பங்கும் இரண்டாவதில் மூன்று பங்கும் என்றால், 80-ஐ இரு முறையும் 90-ஐ மூன்று முறையும் கூட்டி ஐந்தால் வகுக்க 86 வருகிறது. 500 பேர் எழுதினாலும் 5,000 பேர் எழுதினாலும் அந்த 86 அசையாது. கேட்கப்பட்டது சதவீதம், அதாவது ஒரு பங்கு; பங்கைக் காணப் பங்கே போதும், தலைகளை எண்ண வேண்டியதில்லை. இரண்டாம் கூற்றிலுள்ள 500 பார்ப்பதற்குக் கனமான எண். ஆனால் அந்த ஐந்நூறு பேர் இரு பள்ளிகளுக்கும் எப்படிப் பிரிந்தார்கள் என்பதை அது சொல்லாததால், தனியாக நின்று எதற்கும் உதவாது. முதல் கூற்றோடு சேர்ந்தாலும் புதிதாக எதையும் தராது.

அந்த மாணவி முதலில் சரியான விடையைத்தான் எழுதியிருந்தாள். பிறகு தங்கள் விடைப்பட்டியலைப் பார்த்து அதை அடித்துவிட்டு மாற்றி எழுதியிருக்கிறாள். இந்தக் கடிதத்துக்கு அந்த அடித்தலே காரணம்.

குறுக்குவழியின் முதல் பாதி பொய்ப்பதற்கு இந்த வினாவே சான்று. ஒரு பொருளின் விலை 20 சதவீதம் ஏறி, பின் 20 சதவீதம் இறங்கினால், விலையே தெரியாமல் 4 சதவீதம் குறைந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்பதும் இதே வகை. எண்ணிக்கை வேண்டும் என்று கேட்கிற வினாவில்கூட, நேரடியாக எண்ணிக்கை எதுவும் தராமலே விடை கிடைத்துவிடுவதுண்டு. ஒரு வகுப்பில் மாணவர், மாணவியர் விகிதம் 3:2, வகுப்பில் உள்ளவர்கள் 40-க்கு மேல் 50-க்குக் கீழ் என்று இரு கூற்றுகள் வந்தால், எண்ணிக்கையைத் திட்டமாகச் சொல்லவில்லை என்று எண்ணி ‘போதாது’ என்பதையே பலரும் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆட்களைப் பாதியாகப் பிளக்க முடியாது. ஆகவே மொத்தம் ஐந்தின் மடங்காக இருந்தாக வேண்டும். அந்த எல்லைக்குள் ஐந்தின் மடங்கு 45 ஒன்றுதான். அதே வகுப்பில் இன்று 12.5 சதவீதம் பேர் வரவில்லை என்று விகிதத்துக்குப் பதிலாகச் சொல்லியிருந்தால், எட்டில் ஒரு பங்கு என்பதால் மொத்தம் எட்டின் மடங்கு; விடை 48. இதையே பாலும் நீரும் 3:2 என்ற விகிதத்தில் கலந்த கலவை, அளவு 40 லிட்டருக்கும் 50 லிட்டருக்கும் இடையில் என்று மாற்றிக் கேட்டால் தரவு போதாது, ஏனென்றால் 43.7 லிட்டர் கலவை இருப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. விகிதமும் எல்லையும் ஒன்றே. எண்ணப்படுகிற பொருள் மட்டும் வேறு. எந்தக் குறுக்குவழிக் கட்டத்திலும் இந்த வேறுபாட்டை நான் பார்த்ததில்லை.

இரண்டாம் பாதி, அதாவது எண்ணிக்கை ஒன்று இருந்தால் போதும் என்பது, இன்னும் ஆபத்தானது. 3:2 கலவையிலிருந்து 10 லிட்டரை எடுத்து விட்டார்கள், மீதமுள்ளதிலும் விகிதம் 3:2 என்று ஒரு கூற்று வருவதாக வைத்துக்கொள்வோம். 10 என்ற எண் கண்ணில் பட்டதும் பிள்ளைகள் சமன்பாடு எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். நன்றாகக் கலந்த ஒன்றிலிருந்து எவ்வளவு எடுத்தாலும் மீதியின் விகிதம் மாறாது. அந்தக் கூற்று நமக்கு முன்பே தெரிந்ததைத் திரும்பச் சொல்கிறது, அவ்வளவுதான். பத்து லிட்டர் நீரைச் சேர்த்ததும் விகிதம் 1:1 ஆயிற்று என்றிருந்தால் கதை வேறு: மூன்று பங்கு பாலுக்கு இரண்டு பங்கு நீர் இருந்த இடத்தில் நீர் மூன்று பங்காக உயர்ந்திருக்கிறது, கூடிய ஒரு பங்கே 10 லிட்டர், நீர் சேர்ப்பதற்கு முன் இருந்த கலவை மொத்தம் 50 லிட்டர்.

திரும்பச் சொல்லும் கூற்றுகளைப் பற்றி இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். மாணவர், மாணவியர் விகிதம் 3:2; வகுப்பில் 60 சதவீதம் பேர் மாணவர்; மாணவியரின் எண்ணிக்கை மாணவரின் எண்ணிக்கையில் மூன்றில் இரு பங்கு; மாணவியரைவிட மாணவர் 50 சதவீதம் அதிகம். இந்த நான்கும் நான்கு செய்திகள் அல்ல. ஒரே ஆள் நான்கு சட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வருவது போன்றதே இது. வினா தயாரிப்பவர்கள் முதல் கூற்றில் ஒரு சட்டையையும் இரண்டாம் கூற்றில் இன்னொரு சட்டையையும் மாட்டிவிடுகிறார்கள். இரண்டு அறியாத அளவுகள், இரண்டு கூற்றுகள், ஆகவே இரண்டும் சேர்ந்தால் போதும் என்று கணக்குப் போடுகிற மாணவர் அங்கேதான் விழுகிறார்.

எங்கள் நூலக வகுப்பில் அதிகமானோர் தடுமாறுவது ‘ஆமா, இல்லையா’ என்று கேட்கும் வினாக்களில். முருகனின் சேமிப்பு வள்ளியின் சேமிப்பைவிட அதிகமா? கூற்று 1: அவர்களின் வருமானம் 4:3 என்ற விகிதத்திலும் செலவு 3:2 என்ற விகிதத்திலும் உள்ளன. கூற்று 2: முருகன் தன் வருமானத்தில் 75 சதவீதத்தைச் செலவிடுகிறார். முதல் கூற்று மட்டும் போதாது. வருமானத்தின் ஒரு பங்கும் செலவின் ஒரு பங்கும் எவ்வளவு என்பதைப் பொறுத்து, சேமிப்பு இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம். இரண்டாவது கூற்றில் வள்ளியைப் பற்றிய பேச்சே இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நான்கு பங்கு வருமானத்தில் முக்கால் பாகமான மூன்று பங்கு செலவு என்பதால் வருமானப் பங்கும் செலவுப் பங்கும் ஒன்றாகிவிடுகின்றன; இருவரின் சேமிப்பும் சமம். முருகனின் சேமிப்பு அதிகமா என்றால், இல்லை. இந்த இடத்துக்குச் சரியாக வந்து சேர்ந்த பிள்ளைகளிலும் பாதிப் பேர், விடை ‘இல்லை’ என்று வந்துவிட்டதால் தரவு போதாது என்று குறித்துவிடுகிறார்கள். திட்டவட்டமான ‘இல்லை’யும் ஒரு விடைதான், தரவு போதாது என்பது ஆமாவும் இல்லையும் ஆகிய இரண்டுக்குமே இடமிருக்கும்போது மட்டுமே. இதைத் தெளிவாக எடுத்துச் சொல்ல எனக்கு மூன்று மாலைகள் பிடித்தன. ரூபாய்க் கணக்கில் அவர்களின் சேமிப்பு எவ்வளவு என்பது கடைசிவரை தெரியாது என்பதையும், அது தெரியத் தேவையே இல்லை என்பதையும் ஏற்றுக்கொள்ள அவர்களுக்கு அதைவிடக் கூடுதலான நேரம் பிடித்தது.

நான் அவர்களுக்கு இப்போது சொல்லித் தருவது நகைக்கடைக் கணக்கை. ஒரு கடையில் சேதாரம் 12 சதவீதம், செய்கூலி இல்லை. அடுத்த கடையில் சேதாரம் 8 சதவீதம், செய்கூலி கிராமுக்கு 300 ரூபாய். ஒரே எடையுள்ள, ஒரே மாதிரியான சங்கிலியை எந்தக் கடையில் வாங்கினால் மலிவு? கூற்று 1: சங்கிலியின் எடை 16 கிராம். கூற்று 2: அன்று தங்கத்தின் விலை கிராமுக்கு 9,000 ரூபாய்க்கு மேல். பிள்ளைகளின் தாய்மார்கள் இதை எடுத்த எடுப்பில் சொல்லிவிடுவார்கள். எடை எதுவானாலும் இரு கடைக்கும் அது ஒன்றுதான் என்பதால் முதல் கூற்றால் பயனில்லை. சேதாரத்தில் உள்ள வேறுபாடு 4 சதவீதம். கிராம் 7,500 ரூபாய்க்கு விற்கும் நாளில் அந்த 4 சதவீதம் சரியாக 300 ரூபாய். அதற்கு மேல் விலை ஏற ஏற இரண்டாவது கடையே மலிவு. எனவே 9,000-க்கு மேல் என்ற அந்தத் திட்டமற்ற கூற்று ஒன்றே போதுமானது. ‘மேல்’, ‘கீழ்’ என்று மட்டும் சொல்லும் கூற்றுகளை எண் இல்லாதவை என்று ஒதுக்கும் வழக்கம் இந்தக் கணக்குக்குப் பிறகு எங்கள் வகுப்பில் ஓரளவு குறைந்திருக்கிறது.

அன்றாட வழக்கே இதற்கு எதிராக வேலை செய்யும் இடமும் உண்டு. “ரெண்டு வட்டிக்கு வாங்கினேன்” என்றால், நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்பது நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாத செய்தி. வினாத்தாளில் 2 சதவீத வட்டி என்று மட்டும் இருந்து, மாதத்துக்கா ஆண்டுக்கா என்று சொல்லாமல் விட்டிருந்தால், நம் பழக்கத்தை உள்ளே கொண்டுவந்து நிரப்பக் கூடாது. அந்த விடுபாடே வினாவாக இருக்கக்கூடும். எழுதாததை ஊகித்துச் சேர்த்துக்கொள்ளும் கை மற்ற கணக்குகளில் வேகமான கை. இங்கே மதிப்பெண்ணைப் பறிகொடுக்கும் கை.

சதவீதம் என்றாலே எதில் சதவீதம் என்ற கேள்வி எழ வேண்டும். இதில் தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்கு ஒரு வசதியும் ஒரு இடர்ப்பாடும் இருப்பதாக நான் கருதுகிறேன். தமிழில் ‘மாணவியரில் 40 சதவீதம்’, ‘மாணவியரைவிட 40 சதவீதம் அதிகம்’ என்று சொல்லும்போது, ‘இல்’ என்ற உருபும் ‘விட’ என்ற சொல்லும் எதன்மேல் ஏறி நிற்கின்றனவோ அதுவே நூறு. அது வாக்கியத்தில் முன்னாலேயே வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் சதவீதம் முதலில் வந்து, ‘ஆஃப்’ (of) என்றோ ‘தேன்’ (than) என்றோ ஒரு சின்னச் சொல்லுக்குப் பின்னால் அது ஒளிந்திருக்கிறது. குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வின் திறனறித் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகிறது. வங்கி எழுத்தர் தேர்வைத் தமிழில் எழுதலாம் என்றாலும் பொதுத்துறை வங்கிகளின் புரொபேஷனரி அதிகாரி (பி.ஓ.) பணிக்கான தேர்வில் அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே ஆங்கில வாக்கியத்தைப் படித்ததும் அதை மனத்துக்குள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்து, ‘இல்’லும் ‘விட’வும் எங்கே விழுகின்றன என்று பார்க்கும்படி நான் சொல்வதுண்டு. இந்தத் தடுமாற்றம் மாணவர்களுக்கு மட்டும் உரியதன்று. 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான ரெப்போ வட்டியை 6.50 சதவீதத்திலிருந்து 6.25 சதவீதமாகக் குறைத்ததை, கால் சதவீதம் குறைப்பு என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. குறைந்தது கால் சதவீதப் புள்ளி. 6.50-ஐ நூறாகக் கொண்டால் குறைவு ஏறத்தாழ 3.85 சதவீதம்.

இந்த வகை வினாக்களை ஏதோ ஓரிரு தேர்வுகளுக்கு உரியவை என்று ஒதுக்கிவிட முடியாது. மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வில் இவை நெடுங்காலம் கணிதப் பகுதியில் இருந்தன. 2023 நவம்பரில் அறிமுகமான புதிய வடிவத்தில், 45 நிமிடங்களில் 20 வினாக்கள் கொண்ட ‘டேட்டா இன்சைட்ஸ்’ என்ற தனிப் பகுதிக்கு மாற்றப்பட்டன. திரையில் கால்குலேட்டர் தருகிறார்கள். இவ்வினாக்களில் அதைத் தொட வேண்டிய தேவை எழுவது அரிது. நம் பிள்ளைகள் அதிகம் எழுதும் குடிமைப் பணித் திறனறித் தாளின் பாடத்திட்டத்திலேயே, பத்தாம் வகுப்புத் தரத்தில், தரவுப் போதுமை பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது. 80 வினாக்களுக்கு இரண்டு மணி நேரம், வினா ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம். வினாவுக்கு இரண்டரை மதிப்பெண், தவறினால் அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 2015 முதல் 33 சதவீதம், அதாவது 200-க்கு 66 எடுத்தாலே போதும் என்ற தகுதித் தாளாக அது இருந்தும், பொது அறிவுத் தாளில் நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டு இந்தத் தாளில் நின்றுபோனவர்கள் எங்கள் வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் விகிதமும் சதவீதமும் பெரும்பாலும் நேரடிக் கணக்குகளாகவே வருவதால், அதற்குப் படித்த கையோடு இங்கே வருபவர்களுக்கு, விடையைக் கண்டுபிடிக்காமலே விடையளிக்க வேண்டும் என்ற இந்த ஏற்பாடு முற்றிலும் புதிதாக இருக்கிறது.

அதற்கு நாங்களும் பொறுப்பு. ஆறாம் வகுப்பில் விகிதமும் ஏழாம் வகுப்பில் சதவீதமும் எட்டாம் வகுப்பில் வாழ்வியல் கணிதமும் நடத்திய அத்தனை ஆண்டுகளில், ‘இந்த விவரம் போதுமா, இன்னும் என்ன தெரிய வேண்டும்?’ என்று ஒரு கேள்வியை நான் வினாத்தாளில் வைத்ததில்லை. ஒருமுறை காலாண்டுத் தேர்வில் ஒரு கணக்கில் அசல் தொகை அச்சாகாமல் விட்டுப்போயிற்று. பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏதோ ஒரு தொகையைத் தாங்களாகவே எழுதிக்கொண்டு வட்டி கண்டுபிடித்திருந்தார்கள். ஒரே ஒரு பெண் மட்டும், அசல் தரப்படாததால் வட்டியைக் காண முடியாது, வட்டிக்கும் அசலுக்கும் உள்ள விகிதத்தை மட்டும் காணலாம் என்று எழுதி, அந்த விகிதத்தையும் எழுதியிருந்தாள். வினா தவறு என்பதால் எல்லோருக்கும் முழு மதிப்பெண் கொடுக்கும்படி தலைமையாசிரியர் சொன்னார். நானும் எல்லோருக்கும் போட்டதையே அவளுக்கும் போட்டுவிட்டு அடுத்த தாளைத் திருப்பினேன். அவள் எழுதியதை வகுப்பில் படித்துக் காட்டியிருக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் தோன்றிற்று.

தங்களிடம் நான் கேட்பது பெரிதொன்றும் இல்லை. இவ்வகை வினாக்களுக்கு விடை எழுத்தை மட்டும் அச்சிடுவதைத் தவிர்த்து, எந்தக் கூற்று ஏன் போதும், ஏன் போதாது என்று இரண்டு வரியாவது சேர்க்க வேண்டும். இடம் போதாவிட்டால் பத்து வினாக்களை ஐந்தாகக் குறைத்துக்கொள்ளலாம். குறுக்குவழிக் கட்டம் வைத்தே ஆக வேண்டும் என்றால், கேட்பது பங்கா அளவா, சதவீதம் எதில், எண்ணப்படுவது ஆட்களா லிட்டரா, இரண்டாம் கூற்று புதிதாக ஏதாவது சொல்கிறதா என்ற நான்கு கேள்விகளை அதில் அச்சிடலாம். அவற்றைக் கேட்டுப் பார்க்க அரை நிமிடம் போதும். சமன்பாடு எழுதித் தீர்க்கும் நேரத்தில் பாதிகூட ஆகாது.

அடுத்த வாரப் பகுதியில், ஏழாவது வினாவுக்கு ‘கூற்று 1 மட்டும் போதும்’ என்பதே விடை என்ற திருத்தத்தை, 86 எப்படி வந்தது என்ற ஒரு வரியோடு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதை அந்த மாணவியின் நோட்டில் பழைய தாளின்மேல் ஒட்டச் சொல்ல வேண்டும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கும்பகோணம் வட்டம்